ஒயர் இல்லாத மிஷின்

மார்ச் 3, ஞாயிறு

மிஷின் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி: "இதை வெச்சு முதுகு தேச்சுக்கலாமா?" காருக்குப் பாலிஷ் போட என்றேன். "வண்டி ஓடறதுக்குத்தான். மூஞ்சி பாக்கறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு வீட்டுக் காரும் இன்னொரு வேன்தான். எனக்கு அப்படி இல்லை. கருநீலம், நானே தேர்ந்தெடுத்த நிறம். தூசி உட்கார்ந்தாலே தெரியும், கீறல் என்றால் கேட்கவே வேண்டாம். சலவைக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் துணியில் கறை தேடுகிறவளுக்கு, தன் வாசலில் நிற்கும் வண்டி அழுக்காக இருந்தால் சும்மா இருக்க முடியுமா?

ஒயர் வைத்த மிஷின் விலை குறைவுதான். வேண்டுமென்றேதான் பேட்டரியில் ஓடுவதை வாங்கினேன். இந்த வீட்டுக்கு ஒயர் ஆகாது. வேக்குவம் கிளீனர் ஒயரில் தடுக்கி இவர் சோபாவில் விழுந்தார். இஸ்திரிப் பெட்டி ஒயரில் தடுக்கியதில் பெட்டி கீழே விழுந்து, தரையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்று கேட்டால், "நடுவுல ஒயரைப் போட்டது யாரு?" என்பார். நான்தான் போட்டேன். எதற்குமே கடைசியில் நான்தான்.

சாயங்காலம் தண்ணீர் டிரம் மூடியில் ஓட்டிப் பார்த்தேன். கை கிடுகிடுவென்று ஆடுகிறது. நாலைந்து நாள் பழகாமல் காரில் வைக்கப்போவதில்லை.

மார்ச் 5, செவ்வாய்

சார்ஜர் விளக்கு பச்சையாகிவிட்டதா என்று எழுந்து எழுந்து பார்த்தேன். பேட்டரி வெடிக்குமாமே. மகளிடம் போனில் சொன்னால், "அம்மா, நீ பயப்படாத சாமான் ஏதாவது வீட்ல இருக்கா?" என்கிறாள்.

மார்ச் 10, ஞாயிறு

முதல் முறை. பானெட் மட்டும்.

வெயில் ஏறினால் பாலிஷ் காய்ந்துவிடும் என்று காலையிலேயே ஷாம்பு போட்டுக் கழுவி, துடைத்து, ரப்பர் ஓரங்களில் காகித டேப் ஒட்டி, எல்லாம் சரியாகச் செய்தேன். பஞ்சு வட்டில் நாலு சொட்டு பாலிஷ் வைத்தேன். வட்டை வண்டியில் அழுத்தி வைத்துவிட்டுத்தான் பட்டனைத் தட்ட வேண்டும். நான் அந்தரத்தில் வைத்துத் தட்டினேன். நாலு சொட்டும் என் மூக்குக் கண்ணாடியில்.

பிறகு பிடிபட்டது. அழுத்தக் கூடாது, ஓரிடத்தில் நிற்கக் கூடாது, ஒரு கைக்குட்டை அளவு இடத்தை எடுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். துணியால் துடைத்ததும் உள்ளிருந்து நீலம் எழுந்து வந்தது. வேப்பமரம் தெரிந்தது, மின்கம்பம் தெரிந்தது, என் மூஞ்சியும் தெரிந்தது. அழகாகவே இருந்தேன்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். "பரவால்ல, கடை வெக்கலாம் நீ" என்றார். இவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

முன்சக்கரத்துக்கு மேலே, இடது பக்கம், புதிதாக ஒரு கீறல் இருந்தது. எப்போது வந்தது என்று கேட்டேன். எவனோ பார்க்கிங்கில் இழுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார்.

மார்ச் 13, புதன்

கடையிலிருந்து வந்ததும் இவரே வாசலுக்குக் கூட்டிப்போனார். இடது முன்கதவில் விரல் நீளத்துக்கு மஞ்சள் தீற்றல். கடைத்தெருத் தூண்களுக்கு அடிக்கிற மஞ்சள். "இதைக் கொஞ்சம் தேச்சு விட்டுடு. எதிர்வீட்டுக்காரர் பார்த்தா, வேன் ஓட்டறவனுக்குக் கார் ஓட்டத் தெரியலம்பாரு."

நகத்தால் வருடிப் பார்த்தேன். நகம் சிக்கினால் ஆழம், பாலிஷுக்குப் போகாது. சிக்கவில்லை. ஒரே சார்ஜில் தீற்றல் போன இடம் தெரியவில்லை. இவர் குனிந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அதற்கப்புறம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இன்றைக்கு எல்லாப் பக்கமும் செய்துவிடலாம் என்று இறங்கினேன். கடைப் பழக்கம் விடுமா? துணியை உள்ளே அனுப்புவதற்கு முன்னால், கறை இருக்கிற இடத்தில் எல்லாம் ஒரு துண்டு டேப் ஒட்டித்தான் அனுப்புவேன். இல்லாவிட்டால் துவைக்கிறவர் கண்ணில் படாது. அதே மாதிரி டார்ச் அடித்துப் பார்த்து, கீறல் இருக்கிற இடத்தில் எல்லாம் டேப் ஒட்டிக்கொண்டே சுற்றி வந்தேன்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். வலது பக்கம் ஒன்றிரண்டு, அதுவும் பழசு. இடது பக்கம் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தது.

எதிர்வீட்டு ரிட்டயர்டு தன் ஸ்கூட்டரை நம் காருக்கு இடது பக்கம்தானே விடுகிறார்? அவர் வாசலில் இடமில்லையாம். நல்ல மனுஷர் மாதிரி குட்மார்னிங் வேறு. நாளையிலிருந்து அவருக்குக் குட்மார்னிங் கிடையாது.

மார்ச் 18, திங்கள்

கிடையாது என்றால் கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவம், கையைத் தூக்கியவர் அப்படியே தலையைச் சொறிந்துகொண்டார்.

மார்ச் 21, வியாழன்

ரிட்டயர்டு தன் பையன் வீட்டுக்குப் போய்விட்டாராம். செவ்வாய்க்கிழமையே. ஸ்கூட்டரும் இல்லை.

பின்கதவில் புதுக் கீறல். இடது பக்கம்.

மார்ச் 23, சனி

காய்கறிப் பையைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு அடங்கும்.

மார்க்கெட் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். இவர் ஓட்ட, நான் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். தபால் ஆபீஸ் திருப்பத்தில் இடது பக்கமாக ஒரு சைக்கிள்காரர் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று வரவில்லை. வெகு நேரமாகப் போய்க்கொண்டிருக்கிறார், வெள்ளைச் சட்டை, கேரியரில் பை. இவர் இடது பக்கம் திருப்புகிறார். நான் பார்க்கிறேன். இவரும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். கத்தினேன். பிரேக். சைக்கிள் சாய்ந்து, அந்த ஆள் ஒற்றைக் காலை ஊன்றி நின்று, சொல்லக்கூடாத வார்த்தை எல்லாம் சொன்னார்.

"எங்கருந்து முளைச்சான் இவன்?" என்றார் இவர்.

முளைக்கவில்லையே. அவர் அங்கேயேதானே இருந்தார்.

மார்ச் 24, ஞாயிறு

மனசை அடக்க மிஷினை எடுத்தேன், தப்பு. கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். கதவின் விளிம்பில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், அங்கே நிற்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். நின்றுவிட்டேன். சூடேறிய வாடை வந்ததும் எடுத்தேன். நீலம் போய் வெள்ளையாக அடிப்பூச்சு தெரிகிறது. கட்டைவிரல் நகம் அளவு. அழுகை வந்தது, அதற்காக இல்லை.

மிஷினைத் தரையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். இவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு படி இறங்கி வந்தார். பட்டப்பகல். பளீரென்ற பச்சை மிஷின். இவருக்கு இடது பக்கம் இருந்தது. நேராக வந்து அதன்மேல் காலை வைத்து, காபி எல்லாம் சட்டையில். "இதுக்குத்தான் ஒயர் இல்லையே, அப்புறம் எப்படி?" என்று இவரே சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேக்குவம் கிளீனர் ஒயர் எந்தப் பக்கம் கிடந்தது? இஸ்திரிப் பெட்டி? ஒயர்தான் குற்றவாளி என்று ஒயர் இல்லாததாகத் தேடித் தேடி வாங்கிய மகாபுத்திசாலி நான்.

சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரை வேண்டுமென்றே இடது ஓரமாக வைத்தேன். முன்னால் தேடினார், வலது பக்கம் தேடினார், "தண்ணி வைக்கலியா?" என்றார். எடுத்துக் கையில் கொடுத்தேன்.

மார்ச் 25, திங்கள்

கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். மருந்துப் பாட்டிலைத் தூக்கி, அதில் இருக்கிற எறும்பெழுத்தைக் கண்ணாடி போடாமல் கடகடவென்று படித்துக் காட்டினார். "உன்னால முடியுமா இது?" முடியாது.

மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்கு வேலை நேரம். "அம்மா, மூணு வாரம் முன்ன பேட்டரி வெடிக்கும்னே. அதுக்கு முன்ன காஸ் லீக்குன்னே. அப்பா எத்தனை வருஷமா ஓட்டறாரு?" என்றாள். புலி வருது புலி வருது என்று கத்தியே பழகியவள் நான். இப்போது நிஜப்புலி. யார் நம்புவார்கள்? பிழையாக இருந்தால்? ஐயோ, பிழையாகவே இருக்கட்டும். எல்லாரும் சேர்ந்து சிரிக்கட்டும்.

மார்ச் 26, செவ்வாய்

டிபன் பாக்ஸை இவர் பையிலிருந்து எடுத்து ஒளித்து வைத்தேன். மத்தியானம் அதைக் கொடுக்கிற சாக்கில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இந்த வயதில் எனக்கு இந்தக் களவாணித்தனம்.

வேன் நின்றுகொண்டிருந்தது. சுற்றி வந்தேன். வலது பக்கம் சுத்தம். இடது பக்கக் கண்ணாடி துணி நாடாவால் கட்டப்பட்டிருக்கிறது. ஏதோ ஒரு வாலு தொங்கிப் பார்த்தான் என்று இவர் சொன்ன ஞாபகம். அதற்குக் கீழே, கதவோடு கதவாக, நீளமாக இரண்டு கீறல். சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறுகிற கதவு இடது பக்கம். இறங்குவதும் அந்தப் பக்கம்தான்.

வண்டி கிளம்பிவிட்டது. ஏன் தடுக்கவில்லை? என்ன சொல்லித் தடுப்பது? டம்ளர் தெரியவில்லை, அதனால் வேனை எடுக்காதீர்கள் என்றா? இவர் முப்பது வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அதை எடுத்துவிட்டால் இவரிடம் மிச்சம் என்ன இருக்கும்? பிள்ளைகள் இறங்கி முடிகிற நேரம் வரை கடையில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டையில் கறையைப் பார்க்காமல் உள்ளே அனுப்பி, முதலாளியம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

மார்ச் 28, வியாழன்

திங்கட்கிழமை பள்ளிக்கூட வண்டிகளைப் பார்வையிட ஆள் வருகிறார்களாம். சாப்பிட்டுவிட்டு மெதுவாக வந்து உட்கார்ந்தார். "சனிக்கிழமை வேன் ஷெட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. உன் மிஷினைக் கொண்டு வாயேன். வேன்ல ரெண்டு கோடு இருக்கு. அங்க பிளக் பாயின்ட் இல்ல. உன்னுதுக்குத்தான் ஒயர் வேணாமே."

சரி என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் தீற்றலை அழித்துக் கொடுத்தது யார்? நான். தோளைத் தட்டினதும் உச்சி குளிர்ந்து போனது யார்? நான். ஒவ்வொரு கீறலும் அந்த மனுஷனிடம் "பார், பார்" என்று சொல்ல வந்தது. வந்ததை எல்லாம் பளபளவென்று தேய்த்துத் தேய்த்து நானே வாயை அடைத்திருக்கிறேன். இப்போது வேனுக்கும் செய்யச் சொல்கிறார். செய்து கொடுத்து, திங்கட்கிழமை வருகிறவர்களும் பார்க்காமல் போய், அப்புறம் ஒரு பிள்ளை… எழுத மாட்டேன்.

மார்ச் 29, வெள்ளி

பேட்டரியைச் சார்ஜில் போடவில்லை.

மார்ச் 30, சனி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

ஷெட்டில் இவரும் நானும் மட்டும். வாட்ச்மேன் வெளியே. இவர் வேனை நேற்றே கழுவித் தயாராக வைத்திருந்தார். நான் டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, பையிலிருந்து டேப் ரோலை எடுத்தேன். எங்கெங்கே அடையாளம் உண்டோ அங்கெல்லாம் ஒட்டினேன். கண்ணாடி, கதவு, சக்கரத்துக்கு மேலே, பின்முனை. வலது பக்கமும் ஒழுங்காகப் பார்த்தேன், ஒட்ட ஒன்றும் அகப்படவில்லை. நம் காரிலும், தேய்த்து அழித்த இடங்களையும் சேர்த்து, அதே மாதிரி ஒட்டினேன். காரை வேனுக்குப் பக்கத்தில், முகம் ஒரே திசையில் இருக்கிற மாதிரி விடச் சொன்னதும் நான்தான்.

டீயோடு வந்தார். "என்ன இது, இன்னும் ஆரம்பிக்கலியா?"

தேய்க்க மாட்டேன் என்றேன். திரும்பவும் சொன்னேன். "தேய்க்க மாட்டேங்க. முதல்ல சுத்தி வந்து பாருங்க. ரெண்டு வண்டியையும்."

கோபம் வந்தது. வாட்ச்மேன் காதில் விழாதபடி பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினார். உனக்குப் பைத்தியம், இதற்குத்தான் உன்னிடம் எதுவும் சொல்வதில்லை என்றார். ஆனால் திட்டிக்கொண்டே சுற்றி வந்தார். வேனின் வலது பக்கம், பின்பக்கம், இடது பக்கம். பிறகு கார். அதிலும் இடது பக்கம். திட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. சலவைக் கடையில் சில பேர், கொண்டு வந்த துணியில் இவ்வளவு கறையா என்று டேப்பைப் பார்த்து அப்படி நிற்பார்கள்.

வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பாருங்கள் என்றேன். மாட்டேன் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். மூடினார்.

நான் எதிரில்தான் நின்றேன். கை எட்டுகிற தூரம்.

தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார், சாவித் துவாரத்தில் எட்டிப் பார்க்கிறவர் மாதிரி.

"உன் மூக்கு தெரியுது" என்றார். அப்புறம், "நீ தெரியல."

என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. டீ கொட்டியிருந்தது. இவர் வேனின் படியில் உட்கார்ந்து, வலது கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். கடைசியில் எழுந்து, வேன் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், என்னிடம் நீட்டவில்லை. வாட்ச்மேனிடம் போய்க் கொடுத்தார். திங்கட்கிழமை வேறு டிரைவரைப் போடச் சொல்லுங்கள், நானே ஆபீசில் பேசுகிறேன் என்றார்.

நம் காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். பஸ்ஸில் எனக்கு வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார், "அந்தச் சைக்கிள்காரன் வெள்ளைச் சட்டையா போட்டிருந்தான்?" ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமைசாலி. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. வலியே இருக்காதாம். நடுவில் மிச்சம் இருந்ததால் எழுத்து எல்லாம் படிக்க முடிந்திருக்கிறது. மூளை பாக்கியை இட்டு நிரப்பிவிடுமாம். இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம், சொட்டு மருந்தை ஒரு நாள் விடாமல் போட்டால் நிறுத்தி வைக்கலாம்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். கார் பாலிஷ் போடும்போது என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

மகள் போனில் அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். நான் சொன்னேன், பேட்டரி நிஜமாகவே சூடாகத்தான் ஆகிறது என்று.

ஏப்ரல் 9, செவ்வாய்

பேசவில்லை. சாப்பிடுகிறார், தூங்குகிறார், மருந்து போடத் தலையை நிமிர்த்திக் கொடுக்கிறார். வேன் வருகிற நேரத்துக்கு மட்டும் எழுந்து வாசலுக்குப் போய் நிற்கிறார். நான் செய்தது சரிதான். சரியாகச் செய்ததற்கு எதற்கு இவ்வளவு வலிக்கிறது?

ஏப்ரல் 20, சனி

ரிட்டயர்டிடம் போய் நானே குட்மார்னிங் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. பாவம், அதற்கே வாயெல்லாம் பல்.

மே 6, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்த வண்டி எந்தத் தெரு, எந்தப் பிள்ளை எங்கே இறங்கும் என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். ஷெட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். "உக்காந்து தேய்க்கிற வேலை" என்று முணுமுணுத்தார். ஆனால் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார்.

மே 19, ஞாயிறு

நான் லைசென்ஸ் எடுத்தது மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஷெட்டிலிருந்து வேறு டிரைவர் கொண்டுவந்து விட்ட காரில் இன்று உட்கார்ந்தேன். பயத்தில் உள்ளங்கை நனைந்து வழுக்கியது. பக்கத்தில் இவர். "கிளட்ச்ச மிதி. மெதுவா. நீ என்ன பாம்பையா மிதிக்கிற?" தெருமுனை வரை போய் வந்தோம். ஒன்றரை மாசத்தில் இவர் பேசியதை விட அந்தத் தெருவுக்குள் அதிகம் பேசினார்.

ஜூன் 9, ஞாயிறு

மார்க்கெட் போய் வந்தேன். நானே ஓட்டி. திரும்பி வந்து கேட்டுக்குள் நுழையும்போது மட்டும் சரக்கென்று ஒரு சத்தம்.

இறங்கி வருவதற்குள் இவர் சுற்றி வந்துவிட்டார். "வலது பக்கம், பின்கதவு. தூணோட வெள்ளை ஒட்டியிருக்கு. சின்னதுதான்." எனக்கு முன்னால், கண்ணாடி போடாமல், அந்தத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். நான் கீறலைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஷினை எடுத்து வரவா என்றேன்.

"இரு. முதல்ல டேப்பைக் கொண்டா."

ரோலைக் கொடுத்தேன். தானே கிழித்து, கீறலின் மேல் ஒட்டினார். அப்புறம் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி கழுத்தை முழுக்க இடது பக்கம் திருப்பித் திருப்பி, மெதுவாக வண்டியைச் சுற்றி வந்தார். நான் எரித்து வைத்த கதவு விளிம்பைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, அதை மட்டும் விட்டுவிட்டார். "இடது பக்கம் புதுசா ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இவர் போனதும் நானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். இல்லைதான்.